பாலியில் எல்லாரும் லட்சாதிபதிதான்

1,000 ரிங்கிட்டோடு நாணய மாற்றுக் கடைக்குள் நுழைகிறவர், வெளியே வரும்போது ஏறக்குறைய 40 லட்சம் ரூப்பியாவுக்குச் சொந்தக்காரர். இந்தோனேசியப் பணத்தின் வேடிக்கை இது. லட்சத்தைக் கண்ணால் பார்த்ததில்லை என்று சொல்லும் நம்மவர்கூட பாலித் தீவில் இறங்கிய அரைமணி நேரத்தில் டாக்சிக்கு இரண்டு லட்சம், காப்பிக்கு அரை லட்சம் என்று எடுத்து நீட்டுவார். முதல் நாள் சிரிப்பாக இருக்கும். இரண்டாம் நாள் தலை சுற்றும். மூன்றாம் நாள், எதற்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதே மறந்து போயிருக்கும்.

கிள்ளானிலிருந்து போன ஒரு தம்பதியின் அனுபவத்தைக் கேளுங்கள். கணவர் துறைமுகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். மனைவி பாலர்பள்ளி ஆசிரியை. விடுமுறை என்றால் போர்ட்டிக்சன் மட்டுமே என்றிருந்த பெற்றோருக்கு, பிள்ளைகள் இருவரும் சேர்ந்து விமான டிக்கெட்டும், பாலியின் சானூர் கடற்கரையில் ஐந்து நாள் தங்குவிடுதியும் ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். கைச்செலவுக்கு 2,000 ரிங்கிட்.

முதல் நாள் மாலையே கூட்டா பக்கம் கடைத்தெருவைப் பார்க்கப் போனார்கள். மற்ற கடைகளில் ஒரு ரிங்கிட்டுக்கு 4,000 ரூப்பியா என்று எழுதியிருக்க, நினைவுப்பொருள் விற்கும் ஒரு சந்துக்கடையில் மட்டும் 4,150 என்று பலகை தொங்கியது. கணவர் உள்ளே நுழைந்து 1,000 ரிங்கிட்டை நீட்டினார். 41 லட்சத்து 50 ஆயிரம் வரவேண்டும். கடைக்காரர் 100,000 தாள்களாகத் தராமல் 50,000 தாள்களாக 83 எண்ணி, இருபது இருபதாக அடுக்கினார். கணவரும் எண்ணிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. "இன்னொரு முறை பார்த்துவிடுகிறேன்" என்று கடைக்காரர் கட்டைத் திரும்ப வாங்கி, மேசையில் தட்டி ஒழுங்கு செய்து, ரப்பர் வளையம் போட்டு, சிரித்த முகத்தோடு கொடுத்தார்.

விடுதிக்கு வந்து எண்ணினால் 71 தாள்கள்தான். பன்னிரண்டைக் காணோம். 6 லட்சம் ரூப்பியா, அதாவது ஏறக்குறைய 150 ரிங்கிட். ரசீதும் இல்லை.

இதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. மறுநாள் காலை சானூர் கடற்கரையில் சாரோங் விற்க வந்த ஒரு மூதாட்டி 80,000 ரூப்பியா கேட்டார். கணவர் 50,000 என்றார். பேசிப் பேசி மூதாட்டி 60,000க்கு இறங்கிவிட்டார். மீதி 10,000க்காக இருபது நிமிடம் பேச்சு நீண்டது. பக்கத்தில் உட்கார்ந்து மனத்திற்குள் கணக்குப் போட்ட மனைவி, "என்னங்க, ரெண்டரை வெள்ளிக்கா இவ்வளவு நேரம்?" என்றார். அப்போதுதான் முதல் நாள் கதை வெளியே வந்தது. "போனது போகட்டும். நேத்தே சொல்லியிருந்தா காலையிலேயே கடல்ல இறங்கியிருக்கலாமே" என்பதுதான் அந்த அம்மையாரின் பதில்.

150 ரிங்கிட்டைக் கடையில் விட்டவர், இரண்டரை ரிங்கிட்டைக் கடற்கரையில் விடமாட்டேன் என்று நிற்கிறார். இது அவர் ஒருவரின் குறை அன்று. சைபர்கள் கூடக்கூட, பெரிய தொகையில் அசட்டையும் சின்னத் தொகையில் பிடிவாதமும் யாருக்கும் வந்துவிடும். பணக் கணக்கை முதல் நாளே ஒழுங்கு செய்துகொண்டவருக்கு மட்டுமே மற்ற நாள்களில் கடல் கண்ணுக்குத் தெரியும்.

இத்தனை சைபர் எங்கிருந்து வந்தது?

1965ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தோனேசியா ஒருமுறை சைபர்களை வெட்டியது. பழைய 1,000 ரூப்பியா, புதிய 1 ரூப்பியா ஆனது. அதன் பிறகு விலைவாசியோடு சேர்ந்து சைபர்களும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. 1997ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 2,400 ரூப்பியா. ஆசிய நிதி நெருக்கடி வந்தது. அடுத்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் அது 16,000ஐ எட்டிப் பார்த்துவிட்டது. நமக்கும் அந்த ஆண்டு மறந்திருக்காது. 1998 செப்டம்பரில்தான் ரிங்கிட் ஒரு டாலருக்கு 3.80 என்று கட்டிவைக்கப்பட்டது. இந்தோனேசியாவிலோ அதே ஆண்டு மே மாதம் ஆட்சியே மாறியது. "இங்கே எல்லாம் மலிவு" என்று சுற்றுப்பயணி மகிழ்கிறாரே, அந்த மலிவுக்குப் பின்னால் ஒரே ஆண்டில் சேமிப்பு கரைந்துபோன பல குடும்பங்கள் இருக்கின்றன. மூன்று சைபர்களை மீண்டும் நீக்கும் பேச்சு 2010 முதல் அடிபடுகிறது. தாள்களில் சைபர்கள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன.

லட்சத்தை மறந்துவிடுங்கள்

அங்கே போனால் தமிழர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. நமக்கு வாயில் வருவது லட்சம். அங்கே காதில் விழுவது ரிபுவும் ஜூத்தாவும். ஜூத்தா என்றால் பத்து லட்சம் என்று மலாய் பேசும் நமக்குத் தெரியும். ஆனால் அவசரத்தில் மனம் அதை லட்சமாக்கி, பிறகு ரிங்கிட்டாக்கி, நடுவில் ஒரு சைபரை நழுவவிட்டுவிடும். ஆகவே ஐந்து நாளைக்கு லட்சத்தை ஓரங்கட்டிவிட்டு, காதில் விழும் ரிபுவிலேயே கணக்குப் போடுவது நல்லது.

கணக்கும் எளிதுதான். கடைசி மூன்று சைபர்களை விரலால் மறையுங்கள். மிஞ்சியதை நாலால் வகுத்தால் ஏறத்தாழ ரிங்கிட் கிடைத்துவிடும். 100,000 என்றால் 25 ரிங்கிட். 20,000 என்றால் 5 ரிங்கிட். 2,000 என்றால் 50 காசு. சிங்கப்பூர் வெள்ளியில் கணக்குப் பார்ப்பவர்கள் நாலுக்குப் பதிலாகப் பன்னிரண்டால் வகுத்தால் போதும், பெரிய பிழை வராது. மாற்று விகிதம் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். புறப்படும் அன்று பார்த்து, நாலா, நாலரையா என்பதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.

தாள்களின் நிறத்தையும் பழகிக்கொள்ள வேண்டும். 100,000 சிவப்பு, 50,000 நீலம், 20,000 பச்சை, 10,000 ஊதா. ஒரு காலத்தில் 10,000 தாளும் சிவப்புச் சாயலில் இருந்து 100,000 தாளோடு குழம்பியதால், 2010ஆம் ஆண்டில் அதன் நிறத்தையே மாற்றினார்கள். உள்ளூர்க்காரர்களே குழம்பினார்கள் என்றால் விருந்தாளிகளைக் கேட்க வேண்டுமா? சிவப்பையும் நீலத்தையும் ஒரு பையிலும், மற்றவற்றை இன்னொரு பையிலும் வைப்பது நல்ல பழக்கம். இருட்டில் டாக்சிக்குப் பணம் கொடுக்கும்போது அதன் அருமை தெரியும்.

இன்னொரு செய்தி. முன்பு ஒருமுறை இந்தோனேசியா போய்வந்து, மீந்த தாள்களை அலமாரியில் போட்டு வைத்தவர்கள் சிலர் இருப்பார்கள். அதில் 1999ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் 100,000 தாள் இருந்தால் அது இப்போது செல்லாது. அதையும் அக்காலத்து வேறு சில தாள்களையும் 2008ஆம் ஆண்டு இறுதியோடு புழக்கத்திலிருந்து மீட்டுக்கொண்டார்கள். மாற்றிக்கொள்ள மேலும் பத்து ஆண்டு அவகாசம் தந்தார்கள். அதுவும் 2018இல் முடிந்துவிட்டது. பேரப்பிள்ளைகளின் நாணயச் சேகரிப்புக்கு வேண்டுமானால் கொடுக்கலாம்.

கடைசியாகத் தொட்ட கை

நாணய மாற்று என்பது இங்கே நம்மவர்கள் கைதேர்ந்த தொழில். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியிலும் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பிளேஸ் வட்டாரத்திலும் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் நீண்ட காலமாக இதை நடத்தி வருகிறார்கள். முதல் நாள் செலவுக்கு வேண்டியதை இங்கேயே மாற்றிக்கொண்டு போனால், தெரியாத ஊரில் இரவு நேரத்தில் கடை தேடி அலைய வேண்டியதில்லை. மீதியை பாலியில் மாற்றலாம். ஆனால் எங்கே என்பதுதான் கேள்வி.

உரிமம் பெற்ற கடைகளில் இந்தோனேசிய மத்திய வங்கி கொடுத்த சான்றும், 'பெரிசின்' என்ற சொல்லோடு கூடிய சின்னமும் கண்ணில் படும்படி இருக்கும். பெரிசின் என்றால் உரிமம் உள்ளது என்று பொருள். அத்தகைய கடைகள் தனிக் கடைகளாக, கண்ணாடித் தடுப்போடு, ரசீது தரும் கணினியோடு இருக்கும். துணிக்கடையின் மூலையில் ஒரு மேசையைப் போட்டு, ஊரில் யாரும் தராத விகிதத்தை எழுதி வைத்திருந்தால், அந்தக் கூடுதல் விகிதம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். அது உங்கள் கட்டிலிருந்தேதான் வருகிறது.

அங்கே நடக்கும் கைவேலை பழையது. வேண்டுமென்றே சின்னத் தாள்களாகத் தருவது முதல் படி. எண்ண எண்ணக் களைப்பு வரும். எண்ணும்போது ஒருவர் பேச்சுக் கொடுப்பது இரண்டாவது. நீங்கள் எண்ணி முடித்ததும் "ஒழுங்குபடுத்தித் தருகிறேன்" என்று திரும்ப வாங்குவது மூன்றாவது. அந்த நொடியில் சில தாள்கள் மேசைக்குப் பின்னால் நழுவிவிடும். கிள்ளான் தம்பதிக்கு நடந்தது இதுதான்.

இதற்கு மருந்து ஒன்றே ஒன்று. பணத்தைக் கடைசியாகத் தொட்ட கை உங்களுடையதாக இருக்க வேண்டும். நீங்கள் எண்ணிய பிறகு கடைக்காரர் கை மீண்டும் பட்டால், முதலிலிருந்து எண்ணுங்கள். அவர் முகம் சுளித்தால் உங்கள் ரிங்கிட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 100,000 தாள்களாகவே கேளுங்கள், ரசீது கேளுங்கள். கிழிந்த, கிறுக்கிய ரிங்கிட் தாள்களைக் கொண்டுபோனால் வாங்க மாட்டார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

ரிங்கிட்டையோ டாலரையோ கடையில் நேரடியாகக் கொடுத்துப் பொருள் வாங்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. உள்நாட்டில் விற்பனையெல்லாம் ரூப்பியாவில்தான் நடக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் சட்டம். யாராவது ரிங்கிட்டில் விலை சொன்னால் அந்த விகிதம் அவருக்குச் சாதகமானது என்று அறிக.

அட்டையும் கைப்பேசியும்

ரொக்கத்தைச் சுமக்க அஞ்சுபவர்களுக்கு இப்போது வேறு வழிகள் உண்டு. நம் டூயிட்நவ் கியூ.ஆர். முறை, இந்தோனேசியாவின் கிரிஸ் முறையோடு 2023 மே மாதம் முழுமையாக இணைந்தது. சிங்கப்பூரின் நெட்ஸ் முறையும் அதே ஆண்டு நவம்பரில் இணைந்தது. நம் வங்கிச் செயலி அதில் பங்குபெறுகிறதா என்று புறப்படும் முன் வங்கியில் கேட்டுக்கொண்டால், கடையில் ஒட்டியிருக்கும் குறியீட்டைப் படம்பிடித்தே பணம் கட்டலாம். மாற்று விகிதம் திரையிலேயே தெரிந்துவிடும்.

ஏ.டி.எம். அட்டையை வெளிநாட்டில் பயன்படுத்த, இங்கிருக்கும்போதே வங்கியில் அனுமதியைத் திறந்துவைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு அங்கே இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவர்கள் பலர். வங்கிக் கிளைக்குள் இருக்கும் இயந்திரத்தையே பயன்படுத்துங்கள். சில இயந்திரங்கள் முதலில் பணத்தைத் தந்துவிட்டுப் பிறகுதான் அட்டையைத் தரும். பணம் வந்த மகிழ்ச்சியில் அட்டையை விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

கடன்பற்று அட்டையைத் தேய்க்கும்போது, "ரிங்கிட்டிலா, ரூப்பியாவிலா?" என்று இயந்திரம் கேட்கும். நம் பணம்தானே என்று ரிங்கிட்டைத் தொட்டுவிடுவோம். அங்கேதான் நட்டம். ரிங்கிட் என்று தொட்டால் அந்தக் கடையின் இயந்திரம் வைக்கும் விகிதம் நம் தலையில் விழும், பெரும்பாலும் அது குறைவான விகிதம். ரூப்பியா என்று தொட்டால் நம் அட்டை நிறுவனத்தின் விகிதம். எப்போதும் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். பாலிக்கு மட்டுமல்ல, எந்த நாட்டுக்கும் இது பொருந்தும்.

இறங்கும் முன்பே ஒரு செலவு உண்டு. 2024 பிப்ரவரி 14 முதல் பாலிக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகள் ஒவ்வொருவரும் 150,000 ரூப்பியா வரி செலுத்த வேண்டும். வீட்டிலிருந்தபடியே, அதிகாரத்துவ இணையத்தளத்தின் வழி கட்டிவிடலாம். மலேசிய, சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு 30 நாள்களுக்கு விசா தேவையில்லை.

மீன் எத்தனை ஓன்ஸ்?

ஜிம்பாரான் கடற்கரையில் மாலை நேரத்தில் மணல்மேல் மேசை போட்டு, தேங்காய்ச் சிரட்டைத் தணலில் மீன் சுட்டுத் தருவார்கள். சூரியன் மறைவதைப் பார்த்தபடி சாப்பிட அருமையான இடம். அங்கே மீனின் விலைப் பலகையில் 'ஓன்ஸ்' என்றிருக்கும். அவுன்ஸ் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இந்தோனேசியாவில் ஓர் ஓன்ஸ் என்றால் 100 கிராம். ஓன்ஸ் 35,000 என்றால் கிலோ 350,000. ஒன்றேகால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக, 1.2 கிலோ மீன் எடுத்தால் 420,000. அதோடு முடியாது. விலைப்பட்டியலின் கீழே இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், 10 விழுக்காடு வரியும் சேவைக் கட்டணமும் தனி. சேவைக் கட்டணம் 5 விழுக்காடு என்றாலே ரசீது 480,000ஐத் தாண்டும், அதாவது 120 ரிங்கிட். இடத்துக்கு அது நியாயமான விலையாகவும் இருக்கலாம். ஆனால் மீனை உங்கள் முன்னே நிறுத்து, விலையை எழுதிக் காட்டிய பிறகு சுடச் சொல்வது இருவருக்கும் மரியாதை.

விலைப்பட்டியலில் வெறும் 35 என்று போட்டிருந்தால் அது 35 ரூப்பியா அன்று, 35 ஆயிரம். பாதிக் கடைகளில் மூன்று சைபர்களை எழுதுவதே இல்லை.

மொழி தெரியும் என்ற துணிச்சலும் சில இடங்களில் காலை வாரிவிடும். இலவசம் என்று நினைத்து 'பெர்ச்சுமா'வா என்று கேட்டால், 'வீணா?' என்று கேட்டதாக அவர்களுக்குப் படும். அங்கே இலவசத்துக்குச் சொல் 'கிராத்திஸ்'. சாலையில் 'பூசிங்' என்று ஓட்டுநரிடம் சொன்னால் வண்டி திரும்பாது, தலைவலியா என்று கேட்பார்.

பேரம் பேசலாமா? சந்தையிலும் கடற்கரையிலும் பேசலாம், அது அங்குள்ள வழக்கம். சிரித்துக்கொண்டே இரண்டு சுற்றுப் பேசி, மூன்றாம் சுற்றில் முடித்துவிட வேண்டும். சாய்வு நாற்காலி, படகு, கார் ஆகியவற்றுக்கு மட்டும் உட்காரும் முன்பே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை மணி நேரம், ஒருவருக்கா இருவருக்கா, பெட்ரோலும் ஓட்டுநரும் சேர்த்தா என்று. வாக்குவாதம் எப்போதும் எழுந்திருக்கும்போதுதான் வரும்.

இனி கடல்

கூட்டா, செமின்யாக் கடற்கரைகள் மேற்குப் பார்த்தவை. அந்தி நேரம் அழகு, அலை பெரியது. கடலுக்குள் இழுக்கும் நீரோட்டமும் உண்டு. சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகளுக்கு இடையில் மட்டுமே குளிக்க வேண்டும், அங்கேதான் உயிர்காப்பாளர்களின் கண் இருக்கும். தனிச் சிவப்புக் கொடி பறந்தால் கால் நனைப்பதோடு சரி. மழைக்காலமான நவம்பர் முதல் மார்ச் வரை இப்பக்கம் குப்பை ஒதுங்குவதும் உண்டு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வானம் தெளிவாக இருக்கும். மார்ச் மாதம் போவதானால் நாள்காட்டியைப் பாருங்கள். பெரும்பாலும் அம்மாதத்தில் வரும் ஞெப்பி நாளன்று விமான நிலையமே 24 மணி நேரம் மூடப்படும். கடற்கரைக்கும் போக முடியாது, விடுதிக்குள்ளேயே இருக்க வேண்டும்.

வயதானவர்களுக்கும் சிறுபிள்ளைகளோடு போகிறவர்களுக்கும் சானூரே ஏற்றது. பவளப்பாறை தொலைவில் அலையைத் தடுத்துவிடுவதால் கரையோரம் நீர் குளம்போல் கிடக்கும். நீர் வற்றும் நேரத்தில் பாசியும் கூரான கற்களும் வெளியே தெரியும். ஆகவே ஏற்ற நேரம் எப்போது என்று விடுதியில் கேட்டுக்கொண்டு இறங்குவது நல்லது, காலில் ரப்பர்க் காலணி இருந்தால் இன்னும் நல்லது. 1966ஆம் ஆண்டில் இங்கே பத்து மாடி விடுதி ஒன்றைக் கட்டினார்கள். அதன் பிறகு, தென்னை மரத்தின் உயரத்துக்கு மேல் கட்டக்கூடாது என்று 15 மீட்டர் வரம்பு வந்தது. சானூரில் நடக்கும்போது தலைக்கு மேல் வானம் இருப்பதற்கு அந்த விதியே காரணம்.

கரையை ஒட்டிப் பல கிலோமீட்டருக்கு நடைபாதை. வழியில் ஓலைத்தொன்னையில் பூவும் அரிசியும் வைத்து ஊதுவத்தி கொளுத்திய படையல்கள் தரையிலேயே இருக்கும். வீட்டு வாசலில் கோலத்தை மிதிக்காமல் போவதுபோல் விலகி நடந்தால் போதும். கடலுக்குப் போகும்போது கடப்பிதழும் பெரும்பணமும் விடுதிப் பெட்டகத்தில் இருக்கட்டும். அன்றைய செலவுக்கு 200,000 அல்லது 300,000 மட்டும் ஒரு பிளாஸ்டிக் பையில். அது தீர்ந்தால் அன்றைய செலவும் தீர்ந்தது.

கிள்ளான் தம்பதி மூன்றாம் நாளிலிருந்து அப்படித்தான் செய்தார்கள். காலையில் மனைவி ஒரு தாளில் அன்றைய தொகையை எழுதி, பணத்தை எண்ணித் தம் பையில் வைத்துக்கொள்வார். மற்றவை பெட்டகத்தில். கணவர் பையில் வெறும் 50,000, இளநீருக்கு. அந்தச் சாரோங் மூதாட்டியை மறுபடி கண்டபோது 60,000க்கே இரண்டு வாங்கினார்கள்.

கடைசி நாளில் சில்லறை மீந்தது. நாணயங்களை இங்கே எந்தக் கடையும் மாற்றித் தராது, தாள்களை மாற்றினாலும் வாங்கிய விலை கிடைக்காது. ஆகவே மிச்சத்தையெல்லாம் மேசைமேல் கொட்டி எண்ணினார்கள். டாக்சிக்கு ஒதுக்கியது போக 46,000. விடிவதற்கு முன் எழுந்து கடற்கரைக்குப் போனார்கள். பக்கவாட்டுக் கழி கட்டிய ஜுக்கோங் படகுகளுக்கு அப்பால் சூரியன் எழுந்துகொண்டிருந்தது. தள்ளுவண்டிக்காரரிடம் இரண்டு காப்பி வாங்கி, மீதிச் சில்லறையை அவரிடமே விட்டுவிட்டு, காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு கணவர் முதலில் நீரில் இறங்கினார்.